அடுப்பு எந்தப் பக்கம்?

நடக்க முடியாதவர்களுக்கான எங்கள் இல்லத்தில் இருப்பவர்களைப் பண்டிகைக்கு வீட்டுக்குக் கூட்டிப் போகும் முன் ஒரு படிவம் நிரப்ப வேண்டும். அதில் பதினான்கு கேள்விகள். ஏறி இறங்க எத்தனை படி, கதவு எத்தனை அங்குலம், கக்கூஸ் எவ்வளவு தூரம் என்று போகும். பதினோராவது கேள்வி மட்டும் இப்படி இருக்கும்: "அடுப்பு எந்தப் பக்கம்? நடுவில் யார் உட்காருவார்?"

நான் ஓய்வு பெற்ற அன்று எல்லோரையும் கூப்பிட்டுத் தேத்தண்ணியும் கேக்கும் கொடுத்தார்கள். புது வேன் வந்து ஒரு வாரம் ஆகியிருந்தது. பின்கதவைத் திறந்தால் ஒரு இரும்புத் தட்டு தரைக்கு இறங்கும். சக்கர நாற்காலியை அதில் ஏற்றிப் பொத்தானை அமுக்கினால் போதும், ஆளைத் தொட வேண்டியதே இல்லை. வேன் புதிது என்பதால் படிவத்தையும் புதிதாக அச்சடிக்கலாம் என்று பேச்சு வந்தது.

"பதினொன்ன எடுத்துருவமா பாக்கியம்மா? இப்ப எல்லாத் தோட்டத்து லய வீட்டுலயும் கேஸ் அடுப்பு வந்துருச்சு. இத எதுக்குக் கேக்குறோம்னே எங்களுக்குத் தெரியல," என்று நர்ஸ் சுகந்தி கேட்டாள். அவள் வந்து ஒரு வருடம்தான் ஆகிறது. நல்ல பிள்ளை.

எல்லோரும் என்னைப் பார்த்தார்கள். நான் நாலு பேர் முன்னால் பேசிப் பழகாதவள். "பொறகு சொல்றேன் தங்கச்சி," என்று சொல்லிவிட்டுக் கேக்கைப் பார்த்துக்கொண்டு நின்றேன். வீட்டுக்கு வந்த பிறகும் அது மனதை விட்டுப் போகவில்லை. அதனால் இதை எழுதித் தருகிறேன்.

நான் ஐந்தாம் வகுப்பு வரை படித்தேன். பிறகு தேயிலைத் தோட்டத்தில் கொழுந்து எடுத்தேன். கல்யாணம் ஆனது, அவர் காய்ச்சலில் போய்விட்டார், பிள்ளைகள் இல்லை. ஹட்டன் பக்கம் நடக்க முடியாதவர்களுக்கு ஒரு இல்லம் திறந்திருக்கிறார்கள், ஆட்களைத் தூக்க ஒரு பொம்பளை வேண்டுமாம் என்று யாரோ சொன்னார்கள். போனேன்.

அங்கே பொறுப்பாக இருந்தவர் சோமா மிஸ். அரசாங்க ஆஸ்பத்திரியில் நர்ஸாக இருந்து ஓய்வு பெற்றவர். மாத்தறைப் பக்கம், கடலோரத்துச் சிங்கள அம்மா. வார்டுகளில் நம் ஆட்களோடு பேசிப் பேசியே தமிழ் பழகியிருந்தார். ஒல்லியான உடம்பு. தையல்காரர்களைப் போல அளவு நாடா எப்போதும் கழுத்தில் கிடக்கும்.

"எவ்வளவு தூக்குவீங்க?" என்று கேட்டார்.

"ஈரக் கொழுந்துன்னா முப்பது கிலோ சொமப்பேன் மிஸ்."

"கொழுந்து பாரம்னா நடுவுல எறக்கி வெச்சுட்டு மூச்சு வாங்கலாம். ஆள எறக்கி வெக்க ஏலாது. தெரியும்தானே?"

தெரியும் என்று தலையாட்டினேன். அவ்வளவுதான் நேர்முகம்.

மிஸ் ஒருநாளும் சத்தம் போட்டு நான் கேட்டதில்லை. கூட்டுகிறவரில் இருந்து டாக்டர் வரை எல்லோருக்கும் "நீங்க"தான். தூக்கும்போது "ஹெமின், ஹெமின்" என்பார். சிங்களத்தில் மெதுவாக என்று அர்த்தம். பிறகு எங்கள் எல்லோருக்கும் அதுவே வாயில் வந்துவிட்டது.

அவரிடம் ஒரு வழக்கம் இருந்தது. யாரையாவது வீட்டுக்கு அனுப்பும் முன், அவர்களைக் கொண்டு போகும் தூக்கு நாற்காலியில் முதலில் தானே உட்காருவார். தூக்கு நாற்காலி என்றால் இரண்டு பக்கமும் கம்பு பூட்டிய மர நாற்காலி. பழைய வேனில் இருந்து வெட்டி எடுத்த வார்களை இடுப்புக்கும் மார்புக்கும் கட்டிக்கொள்வார். கண்ணை மூடிக்கொள்வார். "இப்ப கொண்டு போங்க" என்பார். இல்லத்து முன்படியில் இருபத்திரண்டு படி. கீழே கொண்டு வந்து வைக்கும் வரை அவர் கண்ணைத் திறக்காமல் இருந்தால் நாங்கள் சரியாகத் தூக்கினோம். நடுவில் திறந்துவிட்டால் மறுபடி மேலே இருந்து ஆரம்பிக்க வேண்டும். முதல் மாதம் என்னால் அவரைக் கண் திறக்காமல் கீழே கொண்டு வர முடியவில்லை.

இன்னொன்று, போய்ப் பார்த்து வருவது. பண்டிகைக்கு ஒரு வாரம் முன்னால் நான் பஸ் ஏறி அந்தத் தோட்டத்துக்குப் போக வேண்டும். வேன் எது வரைக்கும் போகும், அங்கிருந்து லயத்துக்கு எத்தனை படி, எந்தப் படி உயரம், எந்தப் படி ஆடுகிறது, வாசல் அகலம் எவ்வளவு, தண்ணீர் பிடிக்கும் பீலி எங்கே, நாயைக் கட்டிப் போடுவார்களா எல்லாம் பார்த்து எழுத வேண்டும். முதல் தடவை நான் "படி நிறைய இருக்கிறது" என்று எழுதிக் கொண்டு வந்தேன்.

மிஸ் தாளைத் திருப்பித் தந்தார். "நிறையன்னா எத்தன பாக்கியம்?"

"எண்ணல மிஸ்."

"அப்ப நாளைக்கு எண்ணிட்டு வாங்க."

மறுநாள் இரண்டு பஸ் மாறிப் போய் எண்ணிவிட்டு வந்தேன். ஐம்பத்தெட்டு. அதற்குப் பிறகு கோயில் படி ஏறினாலும் எண்ணித்தான் ஏறுகிறேன்.

இறம்பொடைப் பக்கத்துப் பெரியசாமி ஐயாவைப் பற்றியும் சொல்ல வேண்டும். ஒரு பக்கம் வாதம் வந்து கை கால் விழுந்தவர். பொங்கலுக்கு மகன் வீட்டுக்குப் போக ஆசை. படி இறங்கும்போது நாற்காலியைப் பின்னால் சாய்த்து, கால் முன்னால் போகிற மாதிரித்தான் கொண்டு போக வேண்டும். மாற்றிப் பிடித்தால் ஆள் முன்னால் கவிழ்ந்துவிடுவார். இதைச் சொன்னதும் ஐயா வாரைப் பிடித்துக்கொண்டார்.

"என்னையப் பொணமாட்டம் கால முன்னுக்கு வுட்டு எறக்குறீங்களா? அதுக்கு இன்னம் நாள் கெடக்கு. நான் வரல."

மிஸ் அவரை வேறு நாற்காலிக்கு மாற்றச் சொல்லிவிட்டுத் தான் ஏறி உட்கார்ந்தார், வாரைக் கட்டினார், கண்ணை மூடினார். நாங்கள் கால் முன்னால் போகத் தூக்கிக்கொண்டு இருபத்திரண்டு படியும் இறங்கினோம். கீழே வைத்த பிறகும் மிஸ் கண்ணைத் திறக்கவில்லை.

மேலே இருந்து ஐயா எட்டிப் பார்த்தார். "மிஸ், முழிச்சுப் பாருங்க. பயமா இருக்கு."

"செத்தவங்க பேசுவாங்களா ஐயா?"

"பேச மாட்டாங்க."

"அப்ப நான் இருக்கேன்தானே."

ஐயா போனார். ஆனால் அவர் தோட்டத்தில் படி இறங்கிய நேரம் முழுக்க வாய் ஓயவில்லை. "என்னா ராமையா, மாடு கன்னு போட்டுச்சா? ஏ மாரி, என்னா பாக்குற, நான் உசுரோடதான் வர்றேன்" என்று ஒவ்வொரு வாசலுக்கும் குரல் கொடுத்துக்கொண்டே வந்தார். பேசிக்கொண்டே போனால்தான் ஊர் நம்பும் என்று எங்களிடம் சொன்னார்.

முத்துலட்சுமி விஷயம் அப்படிச் சிரித்துவிட்டுப் போகிற விஷயம் இல்லை.

அவளுக்கு அப்போது முப்பத்து நாலு வயது. மஸ்கெலியாவுக்கு அந்தப் பக்கம் ஒரு தோட்டம். கொழுந்து எடுக்கும்போது மழைத் தண்ணீர் ஓடும் கானில் கால் வழுக்கி, கூடையோடு கீழ் வரிசைக் கல்லில் விழுந்து முதுகெலும்பு உடைந்துவிட்டது. இடுப்புக்குக் கீழே அசைவு இல்லை, உணர்வும் இல்லை. ஊசியால் குத்தினாலும் தெரியாது. கைகள் இரண்டும் நன்றாக இருந்தன. ஆஸ்பத்திரியில் இருந்து எங்களிடம் வந்து இரண்டு வருடம். வீட்டில் புருஷன் சிவலிங்கம் இருந்தான், தேயிலைச் செடிகளைக் கவ்வாத்து வெட்டுகிறவன். அவனுடைய அக்கா காளியம்மா கூட இருந்து சமைத்தாள். ஒரு மகள், தர்ஷினி, ஒன்பது வயது. அம்மாவைப் பார்க்க இல்லத்துக்கு அழைத்து வந்தால் அப்பாவின் முதுகுக்குப் பின்னால் நின்றுகொள்வாள். கிட்டே வர மாட்டாள்.

அந்தத் தீபாவளிக்கு முத்துவை வீட்டுக்கு அனுப்பலாம் என்று மிஸ் சொன்னார். மூன்று நாள். நானும் கூடத் தங்க வேண்டும். படுத்திருக்கும்போது எப்படிப் புரட்டிப் போடுவது என்று வீட்டாருக்குச் சொல்லிக் கொடுக்க வேண்டுமே. எனக்கென்று காத்திருக்கும் வீடு இல்லாததால் தீபாவளி வேலை எப்போதும் எனக்குத்தான்.

"அக்கா, எனக்கு ஒன்னே ஒன்னுதான்," என்றாள் முத்து. "தீவாளியன்னிக்குக் காலையில எம்புள்ள தலையில நானே எண்ண வெச்சு வுடணும். அது மட்டும் நடந்தாப் போதும். மத்தது எதும் வேணாம்."

போய்ப் பார்த்து வந்தேன். எழுபத்தொரு படி. பன்னிரண்டாவது ஆடும், நாற்பதாவது பாதி இல்லை. வாசல் இருபத்து நாலு அங்குலம், சக்கர நாற்காலி நுழையாது, தூக்கு நாற்காலி நுழையும். அப்போது படிவத்தில் பதின்மூன்று கேள்விகள்தான். பதின்மூன்றுக்கும் பதில் எழுதினேன். உள்காம்பரா என்கிற உள்ளறையில் கதவுக்கு இடப்பக்கம் மண் அடுப்பு இருந்தது. பார்த்தேன். கேள்வி இல்லாததால் எழுதவில்லை.

தீபாவளிக்கு முதல் நாள் பின்னேரம் வேன் எங்களை மேலே ரோட்டில் இறக்கிவிட்டுப் போனது. சிவலிங்கமும் அவனோடு வேலை செய்கிற ஒருவரும் கம்பைப் பிடித்தார்கள். நான் பின்னால் இருந்து வாரைப் பிடித்துக்கொண்டு படியை எண்ணிச் சொன்னேன். முப்பதாவது படியில் மழை பிடித்தது. அந்த மாதத்து மழை எப்படி இருக்கும் என்று உங்களுக்குத் தெரியும். சிவலிங்கம் வேகமாக இறங்கலாம் என்றான். மிஸ்ஸின் கட்டளை வேறு: நனைந்தால் துடைக்கலாம், விழுந்தால் ஒன்றும் செய்ய முடியாது. "ஹெமின், ஹெமின்," என்றேன். முத்து மேல் படங்கைப் போர்த்தியிருந்தோம். இருந்தும் முழங்காலுக்குக் கீழே தொப்பலாக நனைந்துவிட்டாள்.

வாசலில் காளியம்மா கையைக் கட்டிக்கொண்டு நின்றாள். "ரெண்டு வருசங்கழிச்சு வந்தாலும் மகாராணி பல்லக்குலதான் வர்றா."

"நீங்க ஒரு பக்கம் தூக்கியிருந்தா இன்னம் சீக்கிரம் வந்திருப்பேன் மதினி," என்றாள் முத்து. இரண்டு பேரும் சிரித்தார்கள். சிரித்துக்கொண்டே காளியம்மா கண்ணைத் துடைத்தாள்.

நம் பக்கத்தில் வேண்டியவர்கள் நனைந்து வந்தால் எங்கே உட்கார வைப்போம்? இஸ்தோப்பில், வாசல் திண்ணையில், உட்கார வைத்தால் அது வேற்று ஆள். அடுப்படிக்குக் கூப்பிட்டால்தான் நம் மனிதர் என்று அர்த்தம். நானும் லயத்தில் பிறந்து வளர்ந்தவள்தானே. யாரும் சொல்லாமலே நாற்காலியை உள்ளே கொண்டுபோய் அடுப்புக்கு நேரே வைக்கச் சொன்னேன். தேயிலை மிலாறு போட்டு எரித்துக்கொண்டிருந்தார்கள். கவ்வாத்து வெட்டிய காய்ந்த குச்சி, அந்தச் சூடு மற்ற விறகுக்கு வராது. காளியம்மா முறுக்கு சுட்டுக்கொண்டிருந்தாள்.

முத்துவின் ஈரக் காலுறையைக் கழற்றினேன். பாதம் இரண்டும் கல் மாதிரிச் சில்லிட்டிருந்தன. துணியால் துடைத்து, காய்ந்த கம்பளிக் காலுறை போட்டு, ஒரு பலகையை இழுத்து, அடுப்புக்கு ஒரு சாண் தள்ளிப் பாதங்களை அதன் மேல் வைத்தேன். வைத்துவிட்டு, நல்ல காரியம் செய்தேன் என்று நினைத்தேன்.

"எப்புடி இருக்கு முத்து?"

"நல்லா எதமா இருக்குக்கா." முகத்திலும் கையிலும் பட்ட சூட்டைச் சொன்னாள்.

தேத்தண்ணி குடித்தோம். ஊர்க்கதை பேசினோம். அரை மணி நேரம் இருக்கும். காளியம்மா மூக்கை உறிஞ்சினாள்.

"முறுக்கு தீயுதா? என்னமோ பொசுங்குற வாசம்."

முறுக்கு தீயவில்லை. நான் குனிந்து முத்துவின் இடது காலுறையைத் தொட்டேன். என் கையைச் சுட்டது. கழற்றிப் பார்த்தேன். குதிகாலில் தோல் வெளுத்து, ஒரு பெரிய நெல்லிக்காய் அளவுக்குக் கொப்புளம் எழும்பியிருந்தது.

முத்து என் முகத்தைப் பார்த்துத்தான் தெரிந்துகொண்டாள். தன் காலைப் பார்த்து அல்ல.

நாற்காலியைப் பின்னால் இழுத்தேன். பீலித் தண்ணீரைச் செம்பு செம்பாகக் குதிகாலில் ஊற்றினேன். காளியம்மா பற்பசையை எடுத்துக்கொண்டு ஓடி வந்தாள். "அது வேணாம், ஒன்னும் பூச வேணாம்," என்று கையைப் பிடித்துக்கொண்டேன். தர்ஷினி கதவோரம் நின்று பார்த்துக்கொண்டிருந்தாள்.

பிறகு, மிஸ்ஸுக்குச் சொல்ல வேண்டும் என்றேன்.

"வேணாங்கக்கா," என்றான் சிவலிங்கம். "சொன்னீங்கன்னா இப்பவே வேன் வந்திரும். பொறகு அனுப்பவே மாட்டாங்க."

"சின்னக் கொப்புளந்தானே," என்றாள் காளியம்மா. "கொழுந்து மலையில நாம படாத காயமா?"

முத்து என் கையைப் பிடித்தாள். "அக்கா, எனக்கு வலிக்கவே இல்ல. நெசமா. நாளக்கிக் காலையில எண்ண வெச்சு முடிச்ச பொறகு சொல்லுங்களேன். ஒரு ராத்திரிதானே."

வலிக்கவில்லை என்று அவள் சொன்னதுதான் எனக்குப் பயத்தைக் கொடுத்தது. வலிக்கிற காலாக இருந்தால் இவ்வளவு சுட்டிருக்காது. உணர்வில்லாத காலில் புண் வந்தால் எப்படிச் சீழ் பிடிக்கும் என்று இல்லத்தில் பார்த்திருக்கிறேன். ஒருவருக்கு முழங்காலுக்குக் கீழே வெட்டி எடுக்க வேண்டி வந்தது. இன்னொரு பக்கம், இரண்டு வருடமாக இந்த ஒரு காலைப் பொழுதுக்காகக் காத்திருந்தவள் அவள். தப்புச் செய்தவள் நான், இழக்கப் போகிறவள் அவள். காளியம்மாவைத் தண்ணீர் ஊற்றிக்கொண்டே இருக்கச் சொல்லிவிட்டு நான் எழுந்தேன். முத்து கையை விட்டுவிட்டு முகத்தைத் திருப்பிக்கொண்டாள்.

போனுக்கு சிக்னல் மேலே கோயில் முடக்கில்தான் கிடைக்கும், பாதை வளைகிற இடம். எழுபத்தொரு படியும் மழையில் ஏறினேன். இருட்டுவதற்கு முன்னால் மிஸ் போனை எடுத்தார்.

சொன்னேன். நான்தான் வைத்தேன் என்றும் சொன்னேன்.

மிஸ் கேள்விதான் கேட்டார். எவ்வளவு அகலம், உடைந்ததா, என்ன நிறம், தண்ணீர் எவ்வளவு நேரமாக ஊற்றுகிறார்கள். "இருபது நிமிசம் முழுசா ஊத்துங்க. கொப்புளத்த ஒடைக்க வேணாம். சுத்தமான துணி மேலால போடுங்க. குதிகால் எதுலயும் படாம, கெண்டக்காலுக்குக் கீழ தலகாணி வைங்க."

"சரி மிஸ். வேன் எத்தன மணிக்கு வரும்?"

"அவங்க பிள்ளைக்கு எண்ண வைக்கணும்னு சொன்னாங்கதானே? அது எத்தன மணிக்கு?"

"விடிய அஞ்சரைக்கு மிஸ்."

"ஹரி, சரி. ஏழு மணிக்கு நான் வர்றேன்."

திரும்பி வந்து சொன்னபோது முத்து முகத்தை என் பக்கம் திருப்பினாள்.

விடியற்காலையில் தர்ஷினியைப் பலகையில் உட்கார வைத்தோம், அம்மாவின் நாற்காலிக்கு முன்னால், முதுகு காட்டி. பிள்ளை முதுகை விறைப்பாக வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். முத்து எண்ணெயை உள்ளங்கையில் ஊற்றி உச்சியில் வைத்தாள். அவசரப்படவே இல்லை. வகிடு வகிடாகப் பிரித்துத் தேய்த்தாள்.

"அம்மா, காலு வலிக்குதா?" என்று பிள்ளை கேட்டாள். இரண்டு வருடத்தில் அவள் தானாகக் கேட்ட முதல் பேச்சு என்று சிவலிங்கம் பிறகு சொன்னான்.

"இல்ல தங்கம்."

"சுட்டுச்சுல்ல?"

"சுட்டது அம்மாவுக்குத் தெரியல."

பிள்ளை யோசித்தாள். பிறகு மெதுவாகப் பின்னால் சாய்ந்து, அம்மாவின் முழங்காலில் முதுகை வைத்துக்கொண்டாள். அது முத்துவுக்குத் தெரிந்திருக்காது. ஆனால் அவள் பார்த்தாள்.

சொன்னபடி ஏழு மணிக்கு மிஸ் வந்தார். முழங்கால் வலியோடு எழுபத்தொரு படியும் குடையைக் கம்பாக ஊன்றிக்கொண்டு இறங்கி வந்தார். முதலில் குதிகாலைப் பார்த்துக் கட்டுப் போட்டார். பிறகு அடுப்பு நேற்று எரிந்த மாதிரியே எரியட்டும் என்றார். தன் செருப்பைக் கழற்றிவிட்டு ஒரு நாற்காலியில் உட்கார்ந்து, அதே பலகையில் அதே இடத்தில் பாதத்தை வைத்தார்.

"எண்ணுங்க பாக்கியம்."

ஏழு எண்ணியபோது காலை எடுத்துவிட்டார். எடுத்த பிறகு அந்த இடத்தையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"எங்க ஊர்ல யாரும் அடுப்புக்கிட்ட உக்கார மாட்டாங்க. வெக்கை தாங்காம வெளிய ஓடுவாங்க," என்றார். "இங்க எல்லாரும் அடுப்படியிலதான் உக்காருவாங்கன்னு உங்களுக்குத் தெரியும்தானே?"

"தெரியும் மிஸ்."

"ஏன் எழுதல?"

"கேள்வி இல்ல மிஸ்."

"நான் கேக்காதது தப்பு. நீங்க சொல்லாததும் தப்பு." குரல் ஏறவே இல்லை. "வாயால சொல்ல வெக்கமா இருந்தா எழுதிக் குடுங்க. ஆனா குடுக்கணும்."

அன்றே முத்துவைத் திரும்பக் கொண்டு வந்தோம். எண்ணெய்க் கையோடு நாற்காலியைப் பிடிக்கக் கூடாது என்று மிஸ் சீயக்காய் போட்டு எல்லோர் கையையும் கழுவ வைத்தார். புண் ஆறப் பொங்கலும் தாண்டிவிட்டது, அந்தப் பொங்கலுக்கு முத்து வீட்டுக்குப் போகவில்லை. உணர்வில்லாதவர்களை இனிமேல் வீட்டுக்கே அனுப்ப வேண்டாம் என்று புண்ணைப் பார்த்த டாக்டர் சொன்னார். மிஸ் விபத்துத் தாளை அவர் முன்னால் வைத்தார். காரணம் என்ற இடத்தில் என் பெயரை எழுதுவார் என்று நினைத்துக்கொண்டு பின்னால் நின்றேன். "படிவத்தில் அடுப்பைப் பற்றிக் கேட்கவில்லை" என்று எழுதியிருந்தார். பக்கத்தில் புதுப் படிவம் இருந்தது. பதினோராவதாக "அடுப்பு எந்தப் பக்கம்?" என்று கையால் எழுதிச் சேர்த்திருந்தார். டாக்டர் இரண்டையும் படித்துவிட்டு, அடுத்த தடவை அனுப்பிப் பார்க்கலாம் என்றார்.

அந்தக் கேள்வியின் மறுபாதி மிஸ் எழுதியது இல்லை. அடுத்த தீபாவளிக்கு முத்து வீட்டைப் பார்க்கப் போனபோது முதல் தடவையாக அந்தக் கேள்வியைக் கேட்டேன்.

"அடுப்பையே அணைச்சுர்றோம்க்கா," என்றான் சிவலிங்கம்.

"தீவாளிக்கு அடுப்ப அணைக்கிறதாம். பலகாரத்த ஒன் தலையிலயா சுடுறது?" என்றாள் காளியம்மா.

இஸ்தோப்பில் உட்கார வைக்கலாமா என்று நான் கேட்டேன். அவளை வேற்று ஆளாக்கி வெளியில் வைக்கிறதா என்று இரண்டு பேரும் ஒரே நேரத்தில் கேட்டார்கள். அப்போது தர்ஷினி, எங்களைப் பார்க்காமல் தரையைப் பார்த்துக்கொண்டு சொன்னாள்: "அடுப்புக்கும் அம்மாவுக்கும் நடுவுல நான் உக்காருறேன். எனக்குச் சுட்டா அம்மாவுக்கும் சுடும்தானே. அப்ப சொல்றேன், நகத்துங்க."

அதை அப்படியே எழுதிக் கொண்டுபோய்க் கொடுத்தேன். மிஸ் இரண்டு தடவை படித்தார். பேனாவை எடுத்து, "நடுவில் யார் உட்காருவார்?" என்று சேர்த்தார். யார் பெயராவது எழுதினால்தான் வேன் கிளம்பும் என்றார். அந்தத் தீபாவளியில் தர்ஷினி பலகையைப் போட்டுக்கொண்டு நடுவில் உட்கார்ந்து பாடம் எழுதினாள். இரண்டு தடவை, "சுடுது, அம்மாவ நகத்துங்க" என்றாள். இரண்டு தடவையும் நகர்த்தினோம்.

மிஸ் இப்போது இல்லை. இருந்திருந்தால் சுகந்திக்கு இதை அவரே சொல்லியிருப்பார்.

தங்கச்சி, கேஸ் வந்தது உண்மைதான். ஆனால் தீபாவளிக்குக் குளிக்கத் தண்ணீர் காய வைப்பதும் பலகாரம் சுடுவதும் இன்னும் மிலாறில்தான். ஆளைத் தூக்கி ஏற்றும் வேலையைப் புது வேன் குறைக்கும். அடுப்படிக்கு அது வராது. பதினோராவது கேள்வி இருக்கட்டும்.

போன தீபாவளிதான் என் கடைசி தீபாவளி வேலை. முத்துவைக் கொண்டுபோனேன். தர்ஷினி இப்போது ஹட்டனில் ஒரு துணிக்கடையில் நிற்கிறாள். பண்டிகைக் கூட்டத்தில் கடையை விட்டு வர நேரமாகிவிட்டது. காளியம்மா அடுப்பைப் பற்ற வைத்து, உள்ளே கொண்டு வாங்க, குளிருது என்று இரண்டு தடவை கூப்பிட்டாள். முத்துவும் சரி என்றுதான் சொன்னாள். நான் போர்வையைப் போர்த்தி அவளை இஸ்தோப்பிலேயே வைத்திருந்தேன். பிள்ளை பஸ்ஸை விட்டு இறங்கி, எழுபத்தொரு படி இறங்கி வந்து, கால் கழுவி, பலகையை எடுத்து நடுவில் போட்டு உட்கார்ந்தாள். அதற்குப் பிறகுதான் நாற்காலியை உள்ளே கொண்டு போனோம்.